கோடைத் திட்டத்துக்குக் குளிர்காலத்திலேயே விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் மருத்துவராக விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கான கோடைத் திட்டங்கள் பற்றித் தங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் 'ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பிக்கலாம்' என்ற ஒரே ஒரு வரி, அதை நம்பிக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஓராண்டை வீணாக்கிவிடும். கட்டணம் வாங்காமல், தங்குமிடமும் உதவித்தொகையும் கொடுத்து நடத்தப்படும் திட்டங்கள் பெரும்பாலும் நவம்பரில் விண்ணப்பத்தைத் திறந்து, ஜனவரி கடைசி முதல் பிப்ரவரிக்குள் மூடிவிடுகின்றன. ஏப்ரலிலும் இடம் இருக்கிறது என்று அழைப்பவை அநேகமாக மாணவரிடமிருந்து சில ஆயிரம் டாலர் வாங்குபவை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே பிளஸ் டூ, நீட், எம்.பி.பி.எஸ். என்று நேரே போவதுபோல அமெரிக்காவில் இல்லை. முதலில் நான்காண்டு இளங்கலைப் பட்டம். அந்த நான்காண்டில் வேதியியல், உயிரியல், இயற்பியல் பாடங்களை முடித்து, மருத்துவப் பள்ளி நுழைவுக்கான எம்கேட் தேர்வு எழுதி, அதன் பிறகுதான் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பம். இந்தக் காலத்தில் இருப்பவர்களைத்தான் பிரீ-மெட் மாணவர் என்கிறார்கள். தங்கள் கட்டுரை பட்டியலிட்ட திட்டங்கள் இவர்களுக்கானவை. சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவருக்கு அவற்றில் இடமில்லை. அதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்ததாக, எல்லாவற்றையும் 'கோடை மருத்துவத் திட்டம்' என்று ஒரே பெயரில் அடைத்திருக்கிறீர்கள். உண்மையில் இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் தேடுவது வெவ்வேறு மாணவரை.

ஒன்று, மருத்துவப் படிப்புக்குத் தயார்படுத்தும் திட்டங்கள். ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் பணத்தில் 1980களின் இறுதியில் தொடங்கி, சிலமுறை பெயர் மாறி, சுகாதாரத் தொழில்களுக்கான கோடைக்கல்வித் திட்டம் என்று ஆனது இதில் பெயர்பெற்றது. ஆங்கிலச் சுருக்கம் எஸ்.எச்.பி.இ.பி. (SHPEP); இங்கே 'ஷெப்' என்று குறிப்பிடுகிறோம். ஆறு வாரம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கி, கரிம வேதியியல், உடலியல், புள்ளியியல் போன்ற பாடங்களுக்கு அடித்தளம் போடுவார்கள். மருத்துவமனையைப் பார்க்க வாய்ப்புத் தருவார்கள். படிக்கும் முறை, நிதித் திட்டமிடல் எல்லாம் சொல்லித் தருவார்கள். கட்டணம் கிடையாது. கல்லூரி முதலாம், இரண்டாம் ஆண்டினருக்கு மட்டும். ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.5 இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பார்த்துச் சிலர் 'இவ்வளவு குறைவா, அப்படியானால் தரமில்லாதது' என்று ஒதுக்குகிறார்கள். பள்ளியில் சரியான அடித்தளம் கிடைக்காத, வசதி குறைந்த மாணவரைத் தூக்கிவிடுவதற்காக ஏற்பட்ட திட்டம் அது. வரம்பு தாழ்வாக இருப்பது அதனால்தான். எங்கள் ஊரான நியூ ஜெர்சியின் எடிசனில் மளிகைக் கடையிலோ விடுதியிலோ வேலைபார்க்கும் பெற்றோரின் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இரண்டு மென்பொருள் சம்பளம் வரும் வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கத் தடை இல்லை என்றாலும், தன் கதையை அதற்கேற்ப வளைத்து எழுதத் தொடங்கினால் படிப்பவருக்கு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். எந்த ஆண்டு எந்தெந்த வளாகம் நடத்துகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். பழைய பட்டியலை நம்பாமல் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை, ஆய்வுத் திட்டங்கள். எட்டு முதல் பத்து வாரம் ஒரு பேராசிரியரின் லேபில் வேலை, கடைசியில் ஆய்வு முடிவைச் சொல்லும் ஒரு போஸ்டர். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் ஆர்.இ.யூ. (இளங்கலை மாணவருக்கான ஆய்வு அனுபவம்) திட்டங்கள், மேயோ கிளினிக் மருத்துவமனையின் சர்ஃப் திட்டம், ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளை நடத்தும் ஆம்ஜென் ஸ்காலர்ஸ், மேரிலாந்தில் பெத்தெஸ்டாவை மையமாகக் கொண்ட அரசு மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்.இன் கோடைப் பயிற்சி எல்லாம் இந்த வரிசை. இங்கேதான் நம் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் தடுக்கி விழுகிறார்கள். மேயோவும் ஆம்ஜெனும் தேடுவது பிஎச்.டி. அல்லது மருத்துவமும் ஆய்வும் சேர்ந்த எம்.டி.-பிஎச்.டி. நோக்கிப் போகிறவர்களை. விதிமுறையில் அது எழுதியே இருக்கிறது. அந்த விண்ணப்பத்தில் 'சிறுவயது முதல் மருத்துவராகி நோயாளிகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பதே என் கனவு' என்று எழுதினால், ஜி.பி.ஏ. 4.0 ஆக இருந்தாலும் ஓரம் கட்டிவிடுவார்கள். ஆர்.இ.யூ. விஷயத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும்: தேசிய அறிவியல் அறக்கட்டளை பொதுவாக நோயைக் கண்டறிவது, சிகிச்சை தருவது பற்றிய ஆய்வுக்குப் பணம் தருவதில்லை. ஈஸ்ட், மீன், மண் நுண்ணுயிரி, கணினி மாதிரி இவைதான் பெரும்பாலும் கிடைக்கும். புற்றுநோய் மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று அங்கே எழுதுவது, திட்ட அறிவிப்பைப் படிக்கவில்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாகும்.

இதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆய்வில் உண்மையாகவே ஆர்வமில்லாத பிள்ளைக்கு அந்தத் திட்டம் தேவையே இல்லை. மருத்துவமனையில் நோயாளிகளை வண்டியில் தள்ளிச் செல்லும் தன்னார்வப் பணியும், ஒரு குடும்ப மருத்துவரைப் பின்தொடர்ந்து பார்ப்பதும் அவருக்குப் போதும்.

இனி, தமிழ்க் குடும்பங்களுக்கு மிக முக்கியமான செய்தி. தங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாதது: விசா. ஆர்.இ.யூ. திட்டங்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். என்.ஐ.எச். கோடைப் பயிற்சிக்கும் அப்படியே. ஷெப்பில் இவர்களோடு, சிறுவயதில் வந்து ஆவணமின்றி வளர்ந்தவர்களுக்கான 'டாக்கா' பாதுகாப்பில் இருப்போருக்கும் இடம் உண்டு. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைத் தொட்டு, அவர்களைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவில் வந்து, எல்லாப் பத்திரமும் சரியாக வைத்திருக்கும் பிள்ளை இந்த எந்த வாசலிலும் நுழைய முடியாது. சட்டபூர்வ விசாவில் இருந்ததாலேயே 'டாக்கா'வும் இல்லை. விநோதம்தான், ஆனால் நிலைமை அது. கிரீன் கார்டுக்கு இந்தியர் வரிசை எவ்வளவு நீளம் என்பது எல்லாருக்கும் தெரியும். 21 வயதானதும் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆகவே முதல் வேலை, விண்ணப்பக் கட்டுரை எழுதுவதற்கு முன், திட்ட அறிவிப்பில் 'தகுதி' என்ற பகுதியைத் திறந்து குடியுரிமை வரியைப் படிப்பது. இதைச் செய்யாமல் பத்து விண்ணப்பம் எழுதி முடித்த பிறகு தெரியவந்தால் குளிர்கால விடுமுறையே போய்விடும்.

எச்-4 பிள்ளைக்கு வழியே இல்லையா என்றால், உண்டு, ஆனால் குறுகலானது. எச்-4இல் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, உதவித்தொகையும் பெரும்பாலும் அதே கணக்கில் வந்துவிடும். தான் படிக்கும் கல்லூரியிலேயே ஒரு பேராசிரியரின் லேபில் கிரெடிட்டுக்காக ஆய்வு செய்யலாம். எஃப்-1இல் இருப்பவர் விடுமுறையில் தன் வளாகத்துக்குள்ளேயே முழுநேரம் வேலை செய்யலாம். வெளியே ஊதியத்தோடு செய்யப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சி.பி.டி. என்ற, படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அதுவும் வேலை தொடங்கும் முன். சில பல்கலைக்கழகங்கள் அரசுப் பணம் கலக்காமல் தனியார் நன்கொடையில் திட்டம் நடத்துகின்றன. அவற்றில் சில வெளிநாட்டு மாணவரை எடுக்கின்றன. தேடும்போது திட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எச்-4இலிருந்து எஃப்-1க்கு முன்கூட்டியே மாறலாமா என்ற கேள்விக்குக் குடிவரவு வழக்கறிஞரிடம்தான் பதில் பெற வேண்டும். ஏனென்றால் சில மாநிலங்களில் எச்-4க்குக் கிடைக்கும் உள்மாநிலக் கட்டணச் சலுகை (அந்த மாநிலத்தில் வசிப்பவர் என்பதால் குறையும் கல்விக் கட்டணம்) எஃப்-1க்குக் கிடைக்காது. ஒரு கோடைக்காக ஆண்டுக் கட்டணத்தை உயர்த்திக்கொண்டதாக ஆகிவிடும்.

தகுதி சரியாக இருந்தால் அடுத்தது பரிந்துரைக் கடிதம். விண்ணப்பங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 300 பேர் அமர்ந்திருக்கும் பொது வேதியியல் வகுப்பில் ஏ வாங்கிய மாணவரைப் பேராசிரியருக்கு முகம் தெரியாது. 'இவர் என் வகுப்பில் ஏ பெற்றார்' என்று அவர் எழுதும் மூன்று வரி, மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதுதான். செப்டம்பரிலிருந்தே, மாணவரைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குப் போய், பாடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிற மாணவருக்குத்தான் நவம்பரில் கடிதம் கேட்க உரிமை உண்டு. பெரிய வகுப்பென்றால், லேப் நடத்தும் உதவி ஆசிரியர் எழுதி, பேராசிரியரும் சேர்ந்து கையொப்பமிடலாம். அது ஏற்கப்படும் நடைமுறை. கடிதம் கேட்பதை நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன் முடித்துவிட வேண்டும். டிசம்பர் இரண்டாம் வாரம் தேர்வுத்தாள் திருத்தும் பேராசிரியரிடம் கேட்டால், அவர் ஜனவரி பாதி வரை மின்னஞ்சலைத் திறக்கமாட்டார்.

கேட்கும்போது நான்கு பொருள்கள் ஒன்றாகக் கொடுங்கள்: ஒரு பக்கச் சுயவிவரம், மதிப்பெண் பட்டியல், உங்கள் கட்டுரையின் வரைவு, ஒவ்வொரு திட்டத்தின் பெயரும் கடைசி நாளும் எழுதிய ஒரு தாள். கடிதத்தை நீங்கள் பார்க்கும் சட்ட உரிமையைக் கைவிடுகிறீர்களா என்று விண்ணப்பம் கேட்கும். கைவிடுகிறேன் என்றே குறியுங்கள், இல்லாவிட்டால் படிப்பவர் கடிதத்தை முழுதாக நம்பமாட்டார். விண்ணப்பத்தளம் பேராசிரியருக்குத் தானாக அனுப்பும் இணைப்பு ஸ்பேமில் போய் விழுவது சர்வசாதாரணம். அனுப்பிய மறுநாளே 'வந்ததா' என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு மறுபடி ஒருமுறை.

ஒரு வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான இதயநோய் மருத்துவர் அங்கிளிடம் கடிதம் வாங்குவது. அவர் எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும், பிள்ளையைப் பொங்கல் விழா மேடையில்தான் பார்த்திருக்கிறார். வகுப்பிலோ லேபிலோ வேலையிலோ பார்த்தவர் எழுதிய கடிதம்தான் எடைக்கு வரும்.

விண்ணப்பக் கட்டுரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். அதைத்தான் பலர் செய்வதில்லை. தாத்தாவின் மாரடைப்பில் ஆரம்பித்து, தாத்தாவைப் பற்றியே முக்கால்வாசி எழுதி, எழுதியவர் யார் என்றே தெரியாமல் முடிகிற கட்டுரைகள் குவிகின்றன. பின்தங்கிய சமூகத்துக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் ஏழைகளைப் பார்த்ததை எழுதாதீர்கள். தன் ஊரில் வாரம் மூன்று மணிநேரம் உணவு வங்கியில் ஓராண்டு நின்றது, முதியோர் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் போனது இவற்றைத்தான் நம்புவார்கள். ஆய்வுத் திட்டமென்றால் இரண்டு, மூன்று பேராசிரியர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் லேபில் எந்தக் கேள்வி உங்களை இழுக்கிறது என்று எழுத வேண்டும். அதற்கு மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அவர்களின் சமீபத்திய ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தையாவது படித்திருக்க வேண்டும்.

என்.ஐ.எச். கோடைப் பயிற்சியில் இது இன்னும் கூடுதல். அங்கே குழு கூடித் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு ஆய்வாளரும் விண்ணப்பக் கிடங்கில் தேடித் தனக்கு வேண்டியவரை எடுத்துக்கொள்கிறார். விண்ணப்பித்துவிட்டுச் சும்மா இருந்தால் யாரும் பார்க்காமலே போகலாம். ஆய்வாளருக்குத் தனித்தனியாக ஐந்தாறு வரி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு நகலெடுத்து அனுப்பினால் அவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். 2025 கோடையில் என்.ஐ.எச். இந்தப் பயிற்சியையே ரத்துசெய்தது. விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். அரசுப் பணத்தை நம்பிய திட்டங்களுக்கு இனி இந்த அபாயம் உண்டு என்பதால், வெவ்வேறு இடத்திலிருந்து பணம் வரும் எட்டு, பத்துத் திட்டங்களுக்காவது விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

காசு கட்டிப் போகும் திட்டங்களைப் பற்றி: பொன்னிற ஓரமிட்ட கடிதத்தில் 'உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்' என்று வந்தால், தேர்வு எப்படி நடந்தது என்று கேளுங்கள். மதிப்பெண் பட்டியலும் பரிந்துரைக் கடிதமும் கேட்காத தேர்வு, பணம் கட்ட முடியுமா என்பதற்கான தேர்வுதான். மருத்துவப் பள்ளி விண்ணப்பமான ஆம்காஸில் அனுபவங்களுக்கு 15 இடம். ஒவ்வொன்றையும் 700 எழுத்துக்குள் சொல்ல வேண்டும், மிக முக்கியமான மூன்றுக்கு மட்டும் இன்னொரு 1,325. அந்த இடத்தில் 'பத்து நாள் சுற்றுலாவோடு மருத்துவமனை பார்த்தேன்' என்பதற்கு எழுத என்ன இருக்கும்?

இதோடு சேர்ந்தது இன்னொன்று. கோடையில் மதுரையிலோ கோவையிலோ சித்தப்பாவின் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பது. பார்ப்பது நல்லதுதான். ஆனால் பாசத்தில் சித்தப்பா ஊசி போடச் சொல்வார், தையல் போடச் சொல்வார், பிரசவத்தில் உதவச் சொல்வார். பிள்ளையும் பெருமையாக விண்ணப்பத்தில் எழுதும். பயிற்சியும் உரிமமும் இல்லாமல் வெளிநாட்டில் நோயாளிமேல் கைவைப்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் வழிகாட்டுதலில் வெளிப்படையாக எச்சரிக்கிறது. தேர்வுக் குழு அதை நெறி தவறியதாகவே எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் செய்யக் கூடாததை மதுரையிலும் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

நாட்காட்டிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். பல திட்டங்கள் மே கடைசியிலோ ஜூன் முதல் வாரத்திலோ தொடங்கிவிடும். யு.சி.எல்.ஏ., யு.சி. சான் டியேகோ, ஸ்டான்ஃபோர்ட், வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற, ஆண்டை நான்கு பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் ஜூன் பாதி வரை தேர்வு. தாமதமாக வந்து சேரலாமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். இடம் கிடைத்தபின் கேட்டால் இடமே போகலாம். அதே கோடையில் இயற்பியல் பாடம் எடுக்கவோ எம்கேட்டுக்கு முழுமூச்சாகப் படிக்கவோ நினைக்காதீர்கள். பல திட்டங்கள் வாரம் 40 மணிநேரத்தை எதிர்பார்த்து, வேறு வகுப்பு கூடாது என்று கையெழுத்தே வாங்குகின்றன. பள்ளியிலேயே கல்லூரி நிலையில் படிக்கும் ஏ.பி. பாட கிரெடிட்டுகளை நிறையக் கொண்டுவந்த பிள்ளை, இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரிக் கணக்கில் மூன்றாம் ஆண்டாகத் தெரியலாம். முதல் இரண்டு ஆண்டினருக்கான திட்டம் எதை வைத்துக் கணக்கிடுகிறது என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்தது என்று மார்ச்சிலோ ஏப்ரலிலோ கடிதம் வந்தபின் வருகிற தொல்லை, தடுப்பூசிப் படிவம். மருத்துவமனைக்குள் கால்வைக்கும் திட்டங்கள் அதைக் கண்டிப்பாகக் கேட்கும். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து வந்த பிள்ளைகளுக்கு இதில் தனிப் பிரச்சினைகள் உண்டு. தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்த ஊசி அரசுத் திட்டத்தில் 2017இல்தான் வந்தது. பொன்னுக்குவீங்கி அதில் இல்லை. சின்னம்மை ஊசியும் அரசு அட்டவணையில் இல்லை. அமெரிக்கப் படிவம் மூன்றும் அடங்கிய எம்.எம்.ஆர். இரண்டு தவணை, சின்னம்மை இரண்டு தவணை கேட்கும். தவணைகளுக்கு இடையே குறைந்தது 28 நாள் வேண்டும். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று தவணை ஆறு மாதம் எடுக்கும். 18 வயதானவர்களுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணையில் முடியும் ஹெப்லிசாவ்-பி என்ற ஊசியும் உண்டு. பழைய அட்டை தொலைந்திருந்தால் எதிர்ப்புச்சக்தியைக் காட்டும் டைட்டர் ரத்தப் பரிசோதனையை ஜனவரியிலேயே செய்துவிடுங்கள்.

காசநோய்ப் பரிசோதனையும் அப்படித்தான். பிறந்ததும் கையில் போட்ட பி.சி.ஜி. ஊசியால், தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலே 'உண்டு' என்று காட்டலாம்; பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் சான்று என்று அலைச்சல். குவாண்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எம்.எம்.ஆர். போட்ட அன்றே இந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடலாம். தவறவிட்டால் குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும், இல்லையேல் முடிவு பிழையாகலாம்.

கடைசியாக, பணம். வாரம் 600 டாலர் வீதம் பத்து வாரம் என்றால் 6,000 டாலர் என்று மகிழ்வதற்கு முன், தங்குமிடம் அதற்கு வெளியே தரப்படுகிறதா, அதிலிருந்தே பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பாஸ்டனிலோ சான்ஃபிரான்சிஸ்கோவிலோ சொந்தமாக அறை எடுக்க வேண்டுமென்றால் மிச்சம் சொற்பம். முதல் காசோலை ஜூன் நடுவில்தான் வரும் என்பதால் விமான டிக்கெட்டும் முன்பணமும் கையிலிருந்து போக வேண்டும். இந்த உதவித்தொகையில் பெரும்பாலும் வரி பிடிக்கப்படுவதில்லை, சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவமும் வராமல் போகலாம். ஆனால் கல்விக் கட்டணத்துக்குப் போகாத தொகை வருமானமாகவே கணக்கிடப்படும். அடுத்த ஏப்ரலில் வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சேர்க்க வேண்டும். வேறு வருமானமும் இருக்கும் பிள்ளைகள் ஒரு பகுதியை வரிக்கென்று எடுத்துவைப்பது நல்லது.

இப்படிக்கு,
பிரீ-மெட் வழிகாட்டிகள் இருவர்,
எடிசன், நியூ ஜெர்சி.